கார் ஷெட்டில் ஐந்து கற்கள்

கிளப் செயலாளர் போன் செய்தார். "சார், மாசக் கடைசிக்குள்ள டேபிளை எடுத்துக்கிறீங்களா? இல்லேன்னா கல்லைக் கிரானைட் கடைக்காரர் கேக்குறாரு. கிச்சன் மேடைக்கு ஆகுமாம்" என்றார்.

இருபத்தைந்து வருடம் நான் ஸ்னூக்கர் ஆடிய மேஜை அது. வெள்ளைக்காரன் காலத்தது. எட்டுத் தேக்குக் கால்கள், ஒவ்வொன்றும் என் தொடைப் பருமன். மேலே பச்சைத் துணி, துணிக்கு அடியில் ஐந்து ஸ்லேட் கற்கள். அந்தக் கல்லின் மேல் எவனோ கத்தரிக்காய் நறுக்கப் போகிறான் என்று நினைத்ததுமே எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் யாரையும் கேட்காமல், "எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கிளப்பில் அந்த அறையை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள். விடட்டும். கடைசி இரண்டு வருடம் அங்கே ஆடியது மூன்றே பேர். ஒருவன் சரியாக ஆட மாட்டான், இன்னொருவன் ஒழுங்காகப் பாயின்ட் சொல்ல மாட்டான். மூன்றாவது ஆள் நான், வாயை அடக்க மாட்டேன்.

கோச்சடையில் இருக்கும் என் வீட்டுக் கார் ஷெட்டையும் அதை ஒட்டியிருந்த பழைய சாமான் அறையையும் ஒன்றாக்கிச் சுவர் எழுப்பினேன். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "காரு வெயில்ல நிக்கும், மேசைக்கு நெழலா?" நான் செங்கல் எண்ணப் போய்விட்டேன். கொத்தனாரோடுதான் பெரிய சண்டை. எந்த அறைக்குத் தரை போட்டாலும், கழுவிய தண்ணீர் வாசல் பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டம் வைப்பது இவர்கள் வழக்கம். வாட்டமே கூடாது என்றேன். "தண்ணி நிக்குமுங்க. நாளைக்கு என்னையத்தேன் திட்டுவாங்க" என்றார். இங்கே எவனும் தண்ணீர் ஊற்றப் போவதில்லை என்று சொல்லி, பக்கத்திலேயே நின்று மட்டம் பார்த்துத் தரையை வாங்கினேன்.

மேஜையைப் பிரிக்க ஊருக்குள்ளிருந்து ஒரு பாய் வந்தார். கேரம் போர்டு, பூல் டேபிள் எல்லாம் பழுது பார்க்கிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். கல் தூக்குவதற்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையிலிருந்து ஆறு பேர். அவர்களில் ஒருவன் முதல் கல்லைத் தூக்கியதுமே, "மாப்ள, இம்புட்டு வெயிட்டும் பந்து உருட்டவாடா? நாமெல்லாம் கோலிக்குண்டைத் தரையிலதானடா உருட்டுனோம்" என்றான்.

"அதான் நீ இன்னும் கல்லுத் தூக்குற. பேசாமத் தூக்கு" என்றான் இன்னொருவன்.

கழற்றிய கற்களை அதே வரிசையில் திரும்பச் சேர்க்க வேண்டும். அதற்காகப் பாய் ஒரு சின்னப் பெயிண்ட் டப்பா கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, வெளிம்புல நம்பர் போட்டுர்றேன்."

"என் கல்லுல பெயிண்ட் அடிச்சீருன்னா டப்பாவைத் தூக்கி வீசிருவேன்."

"அப்ப சாக்பீஸ்தேன். அழிஞ்சா என்னையக் கேக்கக் கூடாது."

"எவன் அழிக்கப் போறான்?"

ஆட்டக் குச்சியின் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்கை எடுத்து ஐந்து கல்லிலும் எழுதினார். அன்று வெள்ளிக்கிழமை. மதியத்துக்குள் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கற்களைப் பலகைகளின் மேல் நிறுத்தி, வண்டியிலிருந்து இறங்கிய மாதிரியே முன்னும் பின்னுமாகச் சுவரோடு சாய்த்தோம். மேல் விளிம்பில் நீல எண்கள் தெரிந்தன. "ஜும்மாவுக்கு நேரமாச்சுண்ணே, சாயங்காலம் வாரேன்" என்று பாய் கிளம்பினார். நான் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன்.

அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது அறை முழுக்கத் தண்ணீர் நின்றது. ஐந்து கல்லின் விளிம்பிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முதல் கல்லின் மேல் ஒரு முழம் மல்லிகையும் போட்டிருந்தது. என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் தேங்காய் நாரோடு நின்றாள்.

"தண்ணி போகவே மாட்டேங்குது. ஒரு வாட்டமும் வைக்கலையா?" என்றாள்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டுக்குக் கல்லு வந்திருக்கு. அழுக்கோட விடவா சொல்றீக? ஒரே பிசினு. சோப்புப் பொடி போட்டு, கை வலிக்க வலிக்கத் தேச்சேன்."

"நம்பர் எழுதியிருந்துச்சே?"

"நம்பரா? நீலமா என்னமோ கிறுக்கியிருந்துச்சு. கல்லுத் தூக்குன பயலுக வேலைன்னு நெனச்சேன்."

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. எதிர் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார், அவ்வளவு சொன்னால் போதும். என் மனைவி அழவில்லை. நார்க் கையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள்: "அம்புட்டு முக்கியம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். இந்த ஒரு மாசமா மேசையப் பத்தி கொத்தனார்கிட்டப் பேசுனீக, பாய்கிட்டப் பேசுனீக, ரோட்டுல போறவன்கிட்டக்கூடப் பேசுனீக."

சாயங்காலம் பாய் வந்தார். கற்களைப் பார்த்தார். மல்லிகையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நடுக் கல்லு எதுன்னு தெரிஞ்சிரும்ணே, பந்து விழுற பைக்கு ரெண்டு பக்கமும் வெட்டு இருக்கு. ஓரக் கல்லு ரெண்டும் தெரியும். ஆனா எது இந்த ஓரம், எது அந்த ஓரம்? இடையில வர்ற ரெண்டும் எது எங்க, எந்தப் பக்கம் திரும்பி உக்காரணும்? ஒவ்வொரு முகமும் எதிர்முகத்தோட சேத்து இழைச்சது. மாத்திப் போட்டா மயிரளவு மேடு நிக்கும். பந்து அங்க வந்ததும் துள்ளிரும்."

"மாத்தி மாத்தி வச்சுப் பாப்போம்."

"பாக்கலாம். ஒவ்வொரு தடவை வச்சு எடுக்குறப்பவும் முனை தெறிக்கும். தெறிச்சா அந்தக் கல்லு போச்சு. இந்தக் கல்லுக்கு ஜோடி இனிமே எங்க போய்த் தேடுறது?"

கிளப்பில் போனில் எடுத்த படங்களைத் திறந்தார். இருபது படத்துக்கு மேல் இருந்தது. எல்லாவற்றிலும் கல்லுக்கு முன்னால் அந்த ஆறு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எண் தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை. பெயிண்ட் டப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மொதல்ல மஞ்சளைத் தொடைங்கண்ணே, பச்சைத் துணியில ஏறிரும். காலையில வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மனைவியிடம் துணியை நீட்டினேன். வாங்கவில்லை. "தொட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். நீங்களே தொடைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

குனிந்து துடைத்தேன். முட்டி வலித்தது. முதல் இரண்டும் ஓரக் கற்கள், சுத்தமாக வந்துவிட்டன. மூன்றாவது கல்லில் மஞ்சள் முழுக்கப் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். கல் கறுப்பாகத் தெரிந்தது, மஞ்சளாக இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் அப்படியே நின்றன. விரலை வைத்தேன். பள்ளம் தட்டியது. உளியால் வெட்டிய கோடுகள். அடுத்த கல்லைத் துடைத்தேன். அதிலும் இரண்டு. கடைசிக் கல்லில் நான்கு.

கல்லின் எண் என்றால் இரண்டு கல்லுக்கு எப்படி ஒரே எண் வரும்? மூன்று கல்லையும் மறுபடி விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு விளங்கியது. முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவன் நான். இரண்டு பாதியாகச் சேர்கிற பேரிங்கைக் கழற்றும்போது, சேருகிற இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி குத்தி வைப்போம். இதுவும் அதேதான். எண் கல்லுக்கு இல்லை, இணைப்புக்கு. இரண்டு கோடு போட்ட முகம் இரண்டு கோடு போட்ட முகத்தோடு சேர வேண்டும். துணி மாற்ற வந்தவர்கள் வருடக்கணக்காக மெழுகையும் பிசினையும் பூசிப் பூசி அந்தக் கோடுகளை மூடியிருக்கிறார்கள். என் மனைவி தேங்காய் நாரால் அதைத் திறந்திருக்கிறாள். மஞ்சள் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"ஏய், இங்க வா!" என்று கத்தினேன்.

கரண்டியோடு ஓடி வந்தாள். "ஒடைஞ்சிருச்சா?"

"ஒடையல. இதைப் பாரு."

பார்த்தாள். "கோடு. அதுக்கு என்ன?" என்றாள். விளக்கிச் சொன்னேன். மேஜையைப் பற்றி அவளிடம் நான் ஒழுங்காகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பாயும் ஆறு பேரும் வந்தார்கள். கற்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து, கீழ் விளிம்பில் இருந்த மெழுகைப் பாய் கத்தியால் சுரண்டினார். அங்கேயும் கோடுகள் இருந்தன. ஒன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு மூன்று, எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்தது. காலையும் சட்டத்தையும் பூட்டி, ஒவ்வொரு கல்லையும் ஒரே தடவைதான் தூக்கி வைத்தோம். எதுவும் தெறிக்கவில்லை. என் லேத் பட்டறையில் இருந்து கொண்டு வந்திருந்த ரசமட்டத்தை நாலு மூலையிலும் நடுவிலும் வைத்தேன். ஒரு காலுக்கு அடியில் மட்டும் மெல்லிய தகடு ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. இணைப்புகளில் பாய் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் வழித்து எடுத்தார்.

"உருட்டிப் பாருங்கண்ணே" என்று ஒரு சிவப்புப் பந்தை என் கையில் கொடுத்தார். பந்தை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் நீட்டினேன். பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். கையால் மெதுவாகத் தள்ளிவிட்டாள். வெறும் கல்லின் மேல் பந்து போகிற சத்தம் மாவு அரைக்கிற மாதிரி ஒரே சீராகக் கேட்டது. நான்கு இணைப்பையும் தாண்டியது. எங்கேயும் டிக் என்று ஒரு சத்தம் இல்லை. அந்த ஓரத்தில் பாய் பிடித்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு பேரில் ஒருவன், "அண்ணனுக்கு ஒரு சோடா வாங்கியாரவா?" என்றான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அந்த ஐந்து கல்லும் இறங்கின மாதிரி இருந்தது.

அவர்கள் டீ குடிக்க வெளியே போனதும், "நேத்துக் கத்துனது தப்பு" என்றேன்.

"கல்லு சேந்ததும் தப்புன்னு தெரியுதாக்கும். சேராமப் போயிருந்தா?"

"அப்பவும் தப்புதான். ஆனா சொல்லியிருக்க மாட்டேன்."

"அது தெரியும்" என்றாள். அந்தப் பக்கம் நடந்து போய்ப் பந்தை எடுத்து, இந்த முறை கொஞ்சம் வேகமாக என் பக்கம் உருட்டிவிட்டாள்.