பாலைப்பழக் காட்டில் திருப்பி வைத்த குழை

கேஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை என்று ஊரே அலைந்த வருடம் அது. விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் கிளிவெட்டிக்கு அப்பால் உள்ள காட்டுக்கு மச்சாளோடு போகத் தொடங்கினேன். மச்சாள் என் கணவரின் அக்கா. நான் துறைமுகத்துப் பக்கம், டவுனில் பிறந்தவள். காட்டில் எனக்குத் தெரிந்தது முள் மட்டும்தான்.

அவளுக்கு எல்லாம் தெரியும். மண்ணில் ஒரு கீறலைக் கண்டால் போதும், கரடி எப்போது போனது, குட்டியோடு போனதா என்று சொல்லிவிடுவாள். தெரிந்ததைச் சும்மா வைத்திருந்தாலும் பரவாயில்லை. "கண்ணைப் பிடரியிலயோ வைச்சிருக்கிறாய்?" என்று என்னைக் கேட்பாள். நான் முள்ளில் மாட்டிக்கொண்டு துள்ளுவதைக் கிணற்றடியில் அயலுக்கெல்லாம் நடித்துக் காட்டினாள். "என்ர தம்பி டவுனில போய் ஒரு பொம்மையைக் கட்டிக்கொண்டு வந்தவன்" என்றாள். நான் அரைவாளித் தண்ணியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

தடம் பிரியும் இடமெல்லாம் அவள் இலையோடு ஒரு சின்னக் குழையை முறித்து, போகிற பக்கம் நுனி இருக்க நிலத்தில் வைப்பாள். திரும்பி வர வழி தெரிவதற்காக வைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு வாய்க்காரிக்கும் அடையாளம் வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

ஒரு நாள் தலையிடி என்று சொல்லி, அவளைக் காட்டில் விட்டுவிட்டு முதலே கிளம்பினேன். நாலு தடம் கூடும் இடத்தில் அவளுடைய குழை கிடந்தது. அதைக் குறுக்கே திருப்பி வைத்தேன். நுனி வற்றிய குளத்துப் பக்கம், அடி முள்ளுப் பற்றைப் பக்கம். அலையட்டும், பொழுதுபடும்வரை அலையட்டும்! வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

மச்சாள் வேறொரு குறுக்குத் தடத்தால் வழமையான நேரத்துக்கே வந்து சேர்ந்தாள்.

"தம்பி எங்க? வயலால நேர காட்டுக்கு வந்து விறகு தூக்கிறன் எண்டவன்."

ஐயோ, அவர் எப்போதும் விறகை வாங்க ரோட்டில்தானே நிற்பவர்!

ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடினோம். நாலு தடத்தில் மச்சாள் குனிந்தாள். குழைக்குப் பக்கத்தில், குதி தேய்ந்த என் செருப்பின் அடி அப்படியே பதிந்து கிடந்தது. மற்றவர்கள் வருவதற்குள் அதைக் காலால் அழித்தாள்.

"எனக்கு என்னத்துக்கடி குழை? பின்னால வாறவைக்குத்தானே போடுறது" என்றாள் மெதுவாக.

வற்றிய குளத்தருகே, பாலை மரத்தடியில் அவர் கிடந்தார். பழம் தின்ன வந்த கரடி முகத்தின் வலப் பக்கத்தைக் கிழித்திருந்தது. அந்தக் கண் போயே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்ததும் அவர் கேட்டார், "அக்கா, குழையைப் பிழையா வைச்சிட்டியே?"

கட்டில் காலடியில் நான் நின்றேன். மச்சாள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஓம் தம்பி, பிழைதான்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவர் அக்காவோடு கதைப்பதில்லை. பாலைப்பழக் காலத்தில் அவள் பின்வேலியால் ஒரு பெட்டி பழம் நீட்டுவாள். என்னோடு ஒரு சொல் பேசமாட்டாள். "ஆர் தந்தது?" என்று அவர் கேட்பார். "சந்தையில வாங்கினனான்" என்பேன். ருசித்துத் தின்பார். பழப்பால் உதட்டில் பிசினாக ஒட்டும். வலப் பக்கம் அவருக்கு உணர்வில்லை. "துடைச்சு விடு" என்று முகத்தை நீட்டுவார். நான் விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவேன்.