மாடி அறையின் தட்டல்

காலையில் ஹீற்றிங் போட்டதும் எங்கள் மாடி அறையைச் சூடாக்குகிற ரேடியேற்றர் தட்டும். டொக், டொக் என்று மெதுவாகத் தொடங்கி, சுடுதண்ணீர் ஏற ஏறக் கொஞ்சம் அவசரப்பட்டு, பிறகு ஓய்ந்துவிடும். என் கணவர் இருந்த காலத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: அவர் கீழே குசினியில் நிற்கிறார், கேத்தில் கொதிக்கிறது, நான் இன்னும் கொஞ்ச நேரம் போர்வைக்குள் கிடக்கலாம்.

தானாகப் போட்டு அணைக்கிற ரைமர் இருந்தும் அவர் அதைத் தொடமாட்டார். யன்னலைத் திறந்து, குளிர் எப்படி என்று பார்த்துவிட்டுத் தன் கையால் சுவிற்சைப் போட்டால்தான் மனிதருக்குத் திருப்தி. கஞ்சன் என்று கேலி செய்வேன். காதில் விழாத மாதிரித் தேத்தண்ணியோடு மேலே வருவார்.

அவர் காலமான பிறகு ரைமரை நான்தான் வைத்தேன். முதல் நாள் காலை அது தட்டியபோது, அரைத் தூக்கத்தில் அவர் கீழே நிற்கிறார் என்றே எனக்குப் பட்டது. அடுத்த நொடி நினைவு வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒரு நொடிக்காகவே அதன்பின் ஒவ்வொரு விடியலையும் எதிர்பார்த்தேன். இதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மகள் என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

இந்த ஐப்பசியில் மகளுக்குப் பிள்ளைப்பேறு. வெம்பிளியில் அவளுக்கு வசதியான வீடு இருக்கிறது, அன்பான கணவனும் இருக்கிறான். என்றாலும் பிள்ளை பிறந்ததும் தாய் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் வழக்கம். மல்லியும் வேர்க்கொம்பும் மஞ்சளும் வறுத்து, பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூள் அரைத்து வைத்துவிட்டேன். வீட்டின் சூட்டைத் தவிர எல்லாம் ஆயத்தம். அவள் தங்கப்போகும் சின்ன அறையில் ரேடியேற்றர் மேற்பாதி சுட்டது, கீழ்ப்பாதி சில்லென்று கிடந்தது. பச்சை உடம்புக்காரியை அங்கே எப்படிப் படுக்கவைப்பது?

பிளம்பர் வந்தார். ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு மோர்டன் பக்கம் குடிவந்த தமிழர். வால்வைத் திருப்பிப் பார்த்தார், அசையவில்லை. எப்படி அசையும்? தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பழக்கத்தை என் கணவர் லண்டனுக்கு வந்தும் விடவில்லை. சுவருக்கு அடித்து மிஞ்சியதை வருடா வருடம் ரேடியேற்றருக்கும் பூசுவார். குழாய், வால்வு, திருகாணி எதையும் விட்டுவைக்கமாட்டார்.

"ஆர் அக்கா இதுக்கு இப்பிடி அப்பினது?"

"என்ரை மனுசன்தான், தம்பி."

திறக்கிற வித்தையையும் அவரிடமே கேட்கவேண்டும் என்று பிளம்பர் சிரித்தார். சுவரில் மாலை போட்டிருந்த படத்தை அதற்குப் பிறகுதான் கண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். உள்ளே துரு சேறாகப் படிந்திருக்கிறது, ஹீற்றிங் முழுவதையும் கழுவி, எல்லா ரேடியேற்றரையும் மாற்றுவதுதான் நல்லது என்றார். சோதிக்கப் போட்டபோது என் அறையில் அது தட்டியது. இந்தத் தட்டல் கரைச்சலும் உங்களுக்கு இனி இராது என்று நல்ல செய்தி போலச் சொன்னார். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டேன்.

யோசிக்க என்ன இருந்தது? பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சூடு வேண்டும், எனக்கு ஒரு சத்தம் வேண்டும். எது பெரிது என்று தெருவில் போகிறவரும் சொல்லிவிடுவார். எனக்குத்தான் வாய் வரவில்லை. கடைசியில் எல்லா அறைக்கும் புதிது, என் அறைக்கு மட்டும் பழையது என்று முடிவு செய்தேன்.

"அக்கா, உங்கட அறைதானே ஆகக் குளிர். அதை விட்டிட்டு மற்றதுகளை மாத்திறதோ?"

"அது கிடக்கட்டும், தம்பி. எனக்குப் பழகிப்போச்சு."

பிளம்பரும் அவருடைய ஆட்களும் தரைப் பலகைகளைக் கழற்றினார்கள். கறுத்த தண்ணீர் வாளி வாளியாக வெளியே போனது. மறுநாள் விடிய முன்னரே விழித்துக் காத்துக் கிடந்தேன். வீடு மெல்லச் சூடேறியது. தட்டல் வரவில்லை. எழுந்துபோய்ப் பழைய ரேடியேற்றரில் கைவைத்தேன். அது மேலும் கீழும் ஒரே மாதிரிச் சுட்டது.

பிளம்பருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். தட்டியது ரேடியேற்றர் இல்லையாம். பலகைக்கு அடியில் குழாய் மரத்தோடு இறுகிக் கிடந்ததாம். சூட்டில் அது நீளும்போது வந்த சத்தமாம். நீங்கள் பாவம் என்று அதையும் இளக்கிவிட்டேன் அக்கா, அதற்குக் காசு வேண்டாம் என்றார். இந்த நல்ல மனிதரை நான் எப்படிக் கோபிப்பது? நன்றி சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, குசினியில் குந்தியிருந்து அழுதேன். அவரை இன்னொரு முறை இழந்தது போல இருந்தது.

பிறகு மகள் பிள்ளையோடு வந்தாள். வந்த மறுநாள் காலை நான் இறங்கிப்போய் யன்னலைத் திறந்து, குளிர் எப்படி என்று பார்த்தேன். கேத்திலைப் போட்டேன். தேத்தண்ணியோடு படியேறிச் சின்ன அறைக் கதவைத் தள்ளியபோது, அவள் பிள்ளையை அணைத்தபடி போர்வைக்குள் கிடந்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பாவோ?" என்றாள்.

அந்த ஒரு நொடியை அவளிடம் விட்டுவைத்தேன். பிறகுதான் கோப்பையைக் கட்டில் பக்கத்தில் வைத்து, "நான்தான், பிள்ளை. ஆறமுதல் குடி" என்றேன்.