அரண்மனைச் சதுக்கத்தில் ஒரு "ஏங்க!"

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தபோது, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்ற நகரத்தில் நடந்தது இது. எங்களுக்குத் திண்டுக்கல். நான் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் எரியோடு என்கிற ஊர்ப் பக்கத்தில் இருக்கிற கொஞ்சம் நிலத்தில் முருங்கையும் ஆடுகளுமாகப் பொழுதைப் போக்குகிறவர். மகளுக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை. "ஒரு கிறிஸ்துமஸுக்காச்சும் வாங்கம்மா" என்று அவள் நச்சரித்ததில், ஆடுகளைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

என்னைப் பற்றி இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் நடந்தது புரியும்.

ஒன்று, எங்கள் பகுதி சர்ச்சான பங்குக் கோயில் திருவிழாவில் மைக்கில் அறிவிப்புச் சொல்வது வருஷா வருஷம் நான்தான். அன்னதானம் எங்கே, தேர் எப்போது கிளம்பும், பச்சைப் பாவாடை போட்ட குழந்தையைக் காணோம் என்று எல்லாவற்றையும் நான்தான் சொல்வேன். "உன் தொண்டைக்கு எதுக்கு மைக்கு? கரண்டுக்குப் பிடிச்ச கேடு" என்பார் வீட்டுக்காரர்.

இன்னொன்று, முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. திருமண வாக்குறுதியில் ஒரு தடவை சொன்னதுதான். அதுகூடப் பங்குச் சாமியார் காதுக்கு எட்டியிருக்காது. அவருக்கு ஒரு புனிதரின் பெயர். கோயிலில் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வேண்டுகிற மன்றாட்டு மாலையில், அந்தப் புனிதர் வரும் இடத்தில் எனக்குத் தவறாமல் இருமல் வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பெண்கள் சிரித்துக்கொள்வார்கள். "ஏங்க" என்று கூப்பிட்டால் அவர் திரும்புவார், நமக்கு அது போதாதா?

சரி, ஸ்டுட்கார்ட்டின் அரண்மனைச் சதுக்கத்துக்கு வருகிறேன். அம்மாடி, எவ்வளவு பெரிசு! ஒரு பக்கம் அகலமாகப் புது அரண்மனை, இன்னொரு பக்கம் உருண்டைக் கோபுரங்களோடு பழைய அரண்மனை, நடுவில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் ஒரு தூண். அதைச் சுற்றிக் கிறிஸ்துமஸ் சந்தை. வருஷத்தில் இந்த மாதம் மட்டும்தான் அந்தக் கடைகள் இருக்குமாம். மரத்தால் செய்த குட்டிக் கடைகள், ஒவ்வொன்றின் கூரையிலும் பொம்மையும் விளக்கும் தழையுமாக ஜோடனை. பட்டையும் ஆரஞ்சுத் தோலும் கொதிக்கிற வாசனை வேறு. என் வீட்டுக்காரர் குரங்குக் குல்லாவைக் கொஞ்சம் தூக்கிவிட்டு இரண்டு அரண்மனைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ராசாவுக்கு எதுக்கு ரெண்டு வீடு? ஒண்ணக் கூட்டிப் பெருக்கவே ஆளு பத்தாதே" என்றார்.

மகளுக்கு ஆபீஸில் ஒரு மீட்டிங். "இந்தத் தூணை விட்டு எங்கயும் போயிராதீங்க, முடிச்சிட்டு ஓடி வந்துர்றேன்" என்று எங்களை அங்கே நிறுத்திவிட்டுப் போனாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே போன், அது என் பையில் இருந்தது. எலுமிச்சைச் சாத டப்பாவும் என் பையில்தான்.

தப்பு நடந்தது அந்த டப்பா விஷயத்தில்தான். அவருக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும், போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். அந்தக் குளிரில் சந்தைக்குள் வைத்துச் சட்டையைத் தூக்க முடியாது என்று வீட்டிலேயே ஊசியைப் போட்டுவிட்டோம். டிராமில் கொஞ்ச தூரம்தானே, இறங்கியதும் அரண்மனைப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம் என்று கணக்கு.

ஆனால் மகள் அந்தப் பக்கம் போனதும் என் கண்ணில் பட்டது குடில் பொம்மைக் கடை. மாதாவும் சூசையப்பரும் மூன்று ராஜாக்களும் எல்லாம் மரத்தில் செதுக்கியவை. என் விரல் உயரம்கூட இல்லை, ஆனால் மாதாவின் முக்காட்டில் மடிப்புகூடத் தெரிகிறது. தையல்காரிக்கு இது போதாதா? "ஏங்க, செத்த இங்கனயே நில்லுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், செத்த நேரம் என்பதற்குக் கடிகாரம் கிடையாது. ஒரு நிமிஷமும் செத்த நேரம்தான், ஒரு சீரியல் முடிகிற வரைக்கும் செத்த நேரம்தான். அந்தக் கடையைப் பார்த்து, அடுத்த கடையைப் பார்த்து, கம்பளிக் கடையில் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தால், தூணுக்குப் பக்கத்தில் ஆளைக் காணோம்.

முதலில் கோபம்தான் வந்தது. இந்த மனுஷன் எங்கே போய்த் தொலைந்தார் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே தூணைச் சுற்றினேன். பிறகுதான் பையில் டப்பா இடித்தது. ஊசி போட்ட ஆள். வயிற்றில் ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் மிட்டாய்கூடக் கிடையாது, அதுவும் என்னிடம்தான். ஊரில் ஒரு தடவை இப்படிச் சர்க்கரை இறங்கி, தோட்டத்தில் நினைவில்லாமல் விழுந்து கிடந்தவர் அவர். இங்கே விழுந்தால் அவரைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? மகளுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பின பக்கமெல்லாம் கறுப்புக் கோட்டு, தொப்பி. "ஏங்க! ஏங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் தொண்டையே அந்த இரைச்சலில் எடுபடவில்லை.

அப்போதுதான் பாட்டுச் சத்தம் கேட்டது. சதுக்கத்தின் ஓரத்தில் சின்ன மேடை, அதில் பத்துப் பன்னிரண்டு பேர் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மைக்!

ஆள் காணாமல் போனால் மைக்குக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். பாட்டு முடிந்ததும் மேடையில் ஏறிவிட்டேன். பாடகர்களை நடத்திய பெண்மணி திகைத்துப் போய்ப் பார்த்தார். "ஹஸ்பண்ட் மிஸ்ஸிங். சுகர் பேஷண்ட். ப்ளீஸ்" என்றேன். அவர் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் மைக் என் கையில் இருந்தது.

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அந்த நிலைமையிலும் பழக்கதோஷம், மைக்கை இரண்டு தட்டுத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சரிபார்த்தேன். பிறகு, "அன்பார்ந்த பங்கு மக்களின் கவனத்திற்கு! திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கும், சாம்பல் நிறக் குரங்குக் குல்லா அணிந்த பெரியவர்..." என்று ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் தமிழில்! "ஏங்க, எங்கங்க இருக்கீங்க? ஊசி போட்ருக்கீங்க, சாப்டலீங்க. பாட்டுப் பாடுற மேடைக்கு வாங்க" என்று அழுதேவிட்டேன்.

கூட்டத்தில் அங்கங்கே மூன்று நான்கு ஆண்கள் சட்டென்று திரும்பினார்கள். எல்லாம் நம் தமிழ் முகங்கள். யார் வீட்டு "ஏங்க"வோ என்று பதறித் திரும்பியவர்கள். என்னுடையவர் மட்டும் அதில் இல்லை.

என் வயது இருக்கும் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். பேச்சிலேயே தெரிந்தது, இலங்கைத் தமிழர். "அழாதேங்கோ அக்கா. ஆரைத் தேடுறீங்கள், உங்கட மனுசனையோ?" என்றார். தலையாட்டினேன். அவர் அந்தப் பாடகர் பெண்மணியிடம் ஜெர்மனில் கடகடவென்று எல்லாம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏங்க எண்டால் எத்தினை பேர் திரும்புகினம் பாத்தனீங்கள்தானே? பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ" என்றார்.

நான் மைக்கைப் பார்த்தேன். வாய் திறந்தது, பெயர் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. எனக்கே என்மேல் ஆத்திரமாக இருந்தது. "நீங்க சொல்றீங்களா, நான் உங்க காதுல சொல்றேன்" என்று அந்த நேரத்திலும் கேட்டேன் என்றால் பாருங்கள்! அவர் கொஞ்சம் அதட்டலாகவே, "உங்கட குரல்தான் அவருக்குத் தெரியும், அக்கா. சொல்லுங்கோ" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். சொன்னேன். ஒரு தடவை சொன்னதும் பிறகு நிறுத்தவே முடியவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்துச் சொல்வது போல அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். இரண்டு அரண்மனைச் சுவர்களிலும் மோதி அது எனக்கே திரும்பி வந்தது.

சதுக்கத்தின் மறு ஓரத்தில் பெரிய குடில் ஒன்று போட்டிருந்தார்கள். அதில் நிஜ ஆடுகள். அங்கே ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறவர், 'இங்கே' என்பது போலக் கையைத் தூக்கி ஆட்டினார். ஆட்டுப் பட்டிக்குப் பின்னால், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சாம்பல் குரங்குக் குல்லா மெதுவாக எழுந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஆடு மேய்ப்பவர் அவரைத் தோளில் தாங்கிப் பிடித்திருந்தார். குல்லாவுக்குள் முகம் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. மிட்டாயைப் பிரித்து வாயில் வைத்தேன். அந்த இலங்கைப் பெண் எங்கிருந்தோ சூடான ஆப்பிள் சாறு வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்ததும் அவர் கண்ணில் தெளிவு வந்தது. அப்பாடா! அந்த நிமிஷம் எனக்கு வந்த மூச்சு, பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை.

மூச்சு வந்ததும் வாயும் வந்துவிட்டது. "இங்கனயே நில்லுங்கன்னு சொன்னேன்ல? ஆடு பாக்கவா ஏரோப்பிளேன் ஏறி வந்தீங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

"நீ செத்த நேரம்னு சொன்ன. நான் அம்புட்டு நேரம் நின்னேன். செம்மறியாட்டுச் சத்தம் கேட்டுச்சு, போனேன். கிறுகிறுன்னு வந்துச்சு, உக்காந்துட்டேன்" என்றார் மெதுவாக.

"நான் மைக்குல கத்துனது கேக்கலையா?"

"கேட்டுச்சு. ஏங்கன்னப்போ, ஊர்ல திருநாளு நடக்குது, நான் தூங்கிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். அப்புறம் எம்பேரச் சொன்ன பாரு..." சாற்றை ஒரு வாய் குடித்துக்கொண்டார். "நீயே பேரச் சொல்லிக் கூப்புடுறன்னா, உனக்குத்தான் ஏதோ பெருசா ஆகிப்போச்சுன்னு பதறி எந்திரிச்சேன், புள்ள."

வைக்கோல் கட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அந்த இலங்கைப் பெண்ணுக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தேன். மேடையில் மறுபடி பாட்டு ஆரம்பித்தது. மகள் தலைதெறிக்க ஓடி வந்தபோது, நாங்கள் ஆடுகளுக்கு முன்னால் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு, இப்போது மிட்டாய் அவர் சட்டைப் பையிலும் இருக்கிறது, ஊசி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான். அவ்வப்போது, "ஸ்டுட்கார்ட்ல கூப்ட மாதிரி ஒருக்கா கூப்புடேன்" என்று சீண்டுவார். "அது ஆபத்துக்கு மட்டும்" என்று சொல்லிவிடுவேன். இங்கேயும் அந்தப் பெயரை எழுத மாட்டேன். ஆனால் கோயில் மன்றாட்டு மாலையில் அந்தப் புனிதர் வரும் இடத்தில் நான் இப்போது இருமுவதில்லை. வாய்விட்டு, தெளிவாகச் சொல்கிறேன். சொன்னதும் ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு தலை மெதுவாக என் பக்கம் திரும்பும். திரும்புவதற்கு அந்தத் தலை அங்கே இருக்கிறதே, எனக்கு வேறென்ன வேண்டும்?