காஜா பெராங்கில் என்னைத் தூக்கி எறியாத மனிதர்

காலை ஏழரை மணி பஸ்ஸில் சிரம்பானை விட்டுக் கிளம்பினேன். மலாக்காவுக்கு ஐம்பது மைல். கட்டணம் இரண்டு வெள்ளி. என் சிலம்பக் கம்புக்குக் கண்டக்டர் தனி டிக்கெட் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

மலாயா சுதந்திரம் பெற இரண்டு வாரமே இருந்தது. அந்த விழாவில், ஊர்த் திடலில், பக்கத்து ஊரான ரெம்பாவின் சிலம்ப ஆட்டக்காரர் ஒருவரோடு நான் மோத வேண்டும். வயது நாற்பத்தெட்டு. பொங்கல் ஆட்டத்தில் நெஞ்சு படபடத்துக் கம்பை நழுவவிட்டவன் நான். இதயத்தில் கோளாறில்லை என்றார் டாக்டர். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, என்னிடம் சிலம்பம் கற்கும் மாணவர்களிடம் முட்டிவலி என்று சொல்லி ஏழு மாதம் நொண்டினேன். கஷ்டமான கலை அது. சிலம்பம் எவ்வளவோ தேவலை.

மலாக்காவில் காஜா பெராங் என்ற இடத்தில் மணியம் செட்டி என்பவருக்கு உள்சக்தி உண்டு, தாக்க வருபவன் அவர் தொடாமலே தூரப் போய் விழுவான் என்று கேள்விப்பட்டேன். ஆறு வயதில் கம்பைத் தொட்டதிலிருந்து நான் தேடிவருவது அதைத்தான்.

பத்தரைக்கு மலாக்கா. மூன்று சக்கர வண்டிக்கார முனியாண்டி நாற்பது காசு கேட்டான்.

"தச்சரு மணியமா? போன மாசம் ஒருத்தன் பாய்ஞ்சாண்ணே. நேரா கோழிக்கூண்டு மேல விழுந்தான். கோழிதான் பாவம்."

வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம், நெற்றியில் விபூதி, வாயில் மலாய். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சமான மலாக்காச் செட்டிகளுக்கு அதுதான் வீட்டுப் பேச்சு. மணியத்துக்கு முப்பது வயதுகூட இராது. நான் மலாயில் விஷயத்தைச் சொன்னதும் இழைப்புளியை வைத்துவிட்டு வந்து முற்றத்தில் நின்றார்.

"கோவமா வாங்க, பாங்!" என்றார். 'பாங்' என்றால் அண்ணன். கோபத்தோடு வருபவனிடம்தான் அந்தச் சக்தி பலிக்குமாம்.

கோபத்தை வரவழைக்க ரெம்பாவ்காரரை நினைத்தேன். மைத்துனரைக்கூட நினைத்துப் பார்த்தேன். படபடப்புதான் வந்தது. அப்படியே பாய்ந்தேன். கம்பு அவர் தோளில் சொத்தென்று விழுந்தது.

வேலியோரம் அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ஓடிவந்தார்.

"கோவம் வரலியா?" என்றார் மணியம், தோளைத் தேய்த்தபடி.

"பயம்," என்றேன். வாழ்நாளில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "கோவத்துல வர்றவன் தானே தடுமாறி விழுவான், பாங். நான் ஒண்ணும் செய்யறதில்ல. நீங்க ஒவ்வொரு அடியும் பாத்து வெச்சீங்க. எப்படி விழுவீங்க?"

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"கம்பப் பாத்ததுமே ஓடிரலாம்னு தோணிருச்சு."

"அப்புறம் ஏன் நகரல?"

"நின்னு பழகிருச்சு."

"அப்போ உள்சக்தி?"

"நானும் தேடறேன். கெடைச்சா சொல்லி அனுப்புங்க."

அவர் மனைவி அவருக்கு எண்ணெய் தடவிவிட்டு எனக்குச் சோறு போட்டார். அடித்தவனுக்கு இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றியது அந்தக் கை.

மூன்று மணி பஸ். வழியில் அலோர் காஜா என்ற ஊரைத் தாண்டியதும் நெஞ்சு மறுபடி அடித்துக்கொண்டது. எங்கள் சிரம்பான் களத்தில் வாத்தியார் அடி வாங்கினால் மூடி மறைப்போம். அங்கேயோ, அக்கம்பக்கம் பார்க்க ஒருவர் அடி வாங்கினார். வாங்கிய பிறகும் அதே மணியமாகவே நின்றார். நாளைக் காலை மாணவர்களைக் கூட்டிச் சொல்லப்போகிறேன்: உங்கள் வாத்தியாருக்குப் பயம். ஆனாலும் திடலுக்கு வருவார்.