மூலைக்கு இருநூற்றுப் பத்து

கல்யாணமாகி வந்தபோது என் மனைவி பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் தேறாமல் இருந்தாள். இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்டிருந்தாள். அது தொண்ணூறுகளின் கடைசி. தேறினால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாம் என்று மூன்றாம் முறை எழுதத் துணிந்தாள். இதுவும் போனால் இனிப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

நான் ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் கிராஃப் போடுகிறவன். கட்டம் கட்டமாக அச்சடித்த தாளில் மாங்காயும் மயிலும் வரைந்து, எங்கெல்லாம் ஜரிகை வரவேண்டுமோ அந்தக் கட்டங்களை நிரப்புவேன். அதைப் பார்த்துத்தான் தறி அட்டையில் துளை போடுவார்கள். ஒரு கட்டம் தப்பினாலும் மயிலுக்கு மூக்கு கோணிவிடும். அதனால் எண்ணிக்கையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் பழைய வினாத்தாள் ஒன்றோடு அவள் உட்கார்ந்திருந்தாள். ஏழு சென்டிமீட்டர் சதுரம், உள்ளே நான்கு பக்கமும் தொடும் வட்டம், மூலைகளில் நிழலிட்ட பகுதியின் பரப்பு எவ்வளவு? சதுரத்தின் நாற்பத்தொன்பதிலிருந்து வட்டத்தின் முப்பத்தெட்டரையைக் கழித்து, பத்தரை என்று எழுதியிருந்தாள். நிழலைத் தொடாமலேயே நிழலை அளந்துவிடலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வேண்டாததை எடுத்துவிட்டால் வேண்டியது வந்துவிடுமா என்று ஆச்சரியமாக இருந்தது. கூடவே சந்தேகமாகவும் இருந்தது.

ஸ்கேலும் காம்பஸும் வைத்து என் கிராஃப் தாளில் அதே படத்தைப் போட்டு ஒரு மூலையை எண்ணினேன். வெட்டுப்பட்ட கட்டங்களைப் பாதி பாதியாகச் சேர்த்து இருநூற்றுப் பத்து. நான்கு மூலைக்கு எண்ணூற்று நாற்பது. சென்டிமீட்டருக்குப் பத்துக் கட்டம், ஆகச் சதுர சென்டிமீட்டருக்கு நூறு. எட்டு புள்ளி நான்குதான் வந்தது. மறுபடி எண்ணினேன், அதேதான். சூத்திரம் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் நான் மூன்றாம் முறை எண்ணத் தொடங்கிவிட்டேன். பிறகு ரப்பரால் பத்தரையை அழித்துவிட்டு என் விடையை எழுதினாள்.

பரீட்சையன்று காலை அவள் பக்கத்து ஊரான சேத்துப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். நான் புடவை உடலில் வரும் வட்டப் பூவான சக்கர புட்டா ஒன்றை வரைய உட்கார்ந்தேன். காம்பஸால் வட்டம் போட்டு எண்ணினால் குறுக்கே எழுபது கட்டம், நெடுக்கே ஐம்பத்தாறு. காம்பஸைக் கீழே வைத்தேன். பட்டில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நெருக்கமாக இருக்கும், குறுக்கே ஓடும் ஊடை அவ்வளவு நெருக்கமில்லை. அதற்குத் தோதாக எங்கள் தாளே குறுக்கே பத்து, நெடுக்கே எட்டு என்றுதான் அச்சாகி வரும். பத்து வருஷம் அதில் புழங்கியவன், கட்டம் சதுரமே இல்லை என்பதை மறந்து, சரியான விடையை அழிக்க வைத்திருக்கிறேன். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினேன்.

மணி அடித்ததும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். நிழல் கணக்கு வந்ததா என்று கேட்டேன். வந்தது, கழித்துத்தான் போட்டேன் என்றாள். நான் என் தாளின் சங்கதியைத் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தேன்.

“தெரியுங்க. நீங்க எண்ணும்போதே பக்கத்துல ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டேன். பத்துக்கு எட்டுதான் இருந்துச்சி.”

பிறகு ஏன் அழித்தாய் என்றேன்.

“நீங்க சாப்பிடாம எண்ணிகினே இருந்தீங்க. சோறு ஆறிப் போயிட்டுது.”