குங்குமம் வைத்த பிளாப்பி

எங்கள் கடைசிப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகள் நானூறுக்கு மேல். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன உறவு என்பது எனக்குத்தான் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் எதிரில் வாய் திறக்கமாட்டேன். உறவு மட்டும் மறக்காது. மத்தியானங்களில் நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்ல, மருமகள் கம்ப்யூட்டரில் அடித்தாள். ஊருக்கு ஒரு ஃபைல். அதை பிளாப்பியில் கொடுத்தால் பெரம்பலூர் பிரஸ்ஸில் விலாசச் சீட்டாக அடித்துத் தருவார்கள் என்று ஏற்பாடு.

கம்ப்யூட்டர், என் மகன் வேலை பார்த்த ஆபீஸில் கழித்துப் போட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தபோதே கிழடு.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, மண்வெட்டி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். பட்டியல் இருந்த இரண்டு பிளாப்பிகளையும் கையில் எடுத்தேன். மேலேயுள்ள தகட்டைத் தள்ளினால் உள்ளே கறுப்பாக ஒரு தட்டு தெரியும். வேலை செய்வது அதுதானே என்று, அதிலேயே ஈரச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் மருமகள் ஒன்றை உள்ளே போட்டாள். அது ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. இடுக்கியால் இழுத்ததில் டிரைவும் போனது.

"அத்தை, பொட்டு நெத்தியில வைப்பாங்க. நீங்க தொண்டைக்குள்ள வச்சிருக்கீங்க!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வாரமே பெட்டிக்குள் இருந்த டிஸ்க், சோளம் பொரிவது போல 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்ததும் இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. பட்டியல் இப்போது அதில் மட்டும்தான் இருந்தது. நானும் ஒரு தடவை சொன்னதோடு எல்லாவற்றையும் மனதிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன். என் பிறந்த வீட்டுப் பக்கம் ஒரு வீடு விட்டுப்போனாலும், "பொண்ணைக் கட்டிக் குடுக்குற ஜோருல எங்கள மறந்துட்டா" என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

பெட்டியைப் போர்வையில் சுற்றி பஸ் ஏறினோம். பெரம்பலூர் கடையில் விரல் நீளத்தில் பென் டிரைவ் காட்டினார்கள். அதைச் சொருக எங்கள் பெட்டியில் ஓட்டையே இல்லை. நகத்தளவு மெமரி கார்டு ஒன்று காட்டினார்கள். அஞ்சறைப் பெட்டியில் விழுந்தால் சீரகத்தோடு தாளித்துவிடுவேன் என்று மருமகள் காதில் சொன்னேன். "பழைய சாமானுக்கு அரியலூர்தான் போவணும்" என்றார்கள். அப்போது அரியலூரும் எங்கள் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம்.

அரியலூர்க் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "நாப்பது ஜிபி புது டிஸ்க் இருக்கும்மா. ஆனா இந்தக் கெழவி எட்டு ஜிபிக்கு மேல போனா கண்டுக்கமாட்டா. கேமரா கார்டை ஒரு சட்டத்துல மாட்டி டிஸ்க்கா வைக்கலாம், சட்டம் மெட்ராஸ்லேருந்து வரணும்." பிறகு ஒரு கூடைக்குள் கைவிட்டு இரண்டு பழைய டிஸ்க்குகளை எடுத்தார். ஒன்று நாலு ஜிபி, ஒன்று இரண்டு.

"பெருசே எடுத்துக்கலாம் அத்தை."

அவர் ஒவ்வொன்றாக ஓடவிட்டார். நான் குனிந்து காது கொடுத்தேன். பெரியதில் மெதுவாக, எங்கோ தூரத்தில், அதே சோளப்பொரி. மருமகள் முந்தானையை இழுத்தேன். "சின்னதே போதும். அது வாய மூடிக்கிட்டு வேலை செய்யுது."

"அம்மா சொல்றது சரிதான்" என்று அவரும் காது வைத்துக் கேட்டுவிட்டுப் பெரியதைத் தள்ளி வைத்தார்.

எங்கள் டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு ஊராக அந்தச் சின்ன டிஸ்க்குக்கு வந்தது. குன்னம் வந்தது, ரஞ்சன்குடி வந்தது. திருமானூர் மட்டும் திறக்கவில்லை. அதுதான் என் பிறந்த ஊர்.

எனக்கு அழுகை முட்டியது. கடைக்காரர், "ஏதாவது அடிச்சு சேவ் பண்ணிப் பாருங்க. ஒழுங்கா எழுதுதான்னு நானும் பாக்கணும்" என்றார்.

"சொல்லுங்க அத்தை, இங்கயே அடிச்சிருவோம்" என்று மருமகள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். வேறு வழி? கண்ணை மூடிக்கொண்டு என் பிறந்த தெருவின் கிழக்குக் கோடியிலிருந்து நடந்தேன். பெரிய தாய்மாமன் வீடு, மாவு மில் வீடு, சின்னப் பெரியப்பா வீடு. வர வர என் குரல் பெரிதானது எனக்கே தெரியவில்லை. அறுபத்திரண்டாவது வீட்டோடு தெரு முடிந்தது.

"ஒரு வூடு விட்டுட்டீங்களே."

கண்ணைத் திறந்தேன். மவுஸ் வாங்க வந்து நின்ற ஒரு ஆள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தார்.

"யாருப்பா நீ?"

"உங்க பெரிய தாய்மாமன் பேத்தியக் கட்டுனவன். அந்த ஊர்லயே எங்களத் தனிக்குடித்தனம் வச்சு மூணு வருசமாச்சு. தனி வூட்டுக்குத் தனிப் பத்திரிகை கெடையாதா அத்தை?"

அவர் கல்யாணத்தன்று பூமாலைக்குள் பார்த்த முகம், அடையாளம் தெரியவில்லை. திறக்காமல் போன ஃபைலிலும் அந்த வீடு இல்லை. அது ஒழுங்காகத் திறந்திருந்தால், பேத்தி வீட்டை விட்டுவிட்டுத்தான் கல்யாணம் நடந்திருக்கும்.

"தப்புதான் மருமவனே. இப்பவே எழுதிருவோம்."

"அடிச்சதும் படிச்சுக் காட்டுங்க. நான் இங்கதான் நிப்பேன்."

மருமகள் அடித்து வாசித்தாள். "பத்திரிகை நேர்ல வந்து வைக்கணும், தபால்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

கடைக்காரர் பெட்டியை மூடித் திருகாணி போட்டார். ஒரு பழைய பிளாப்பி டிரைவையும் மாட்டியிருந்தார். "டிஸ்க் குடுத்தவனுக்குப் பத்திரிகை உண்டாம்மா?"

நான் தலையாட்டினேன். மருமகள் அதற்குள் அரியலூர் ஃபைலைத் திறந்துவிட்டாள்.