எனிட் சக்டன் தோண்டிய குழி

எனிட் சக்டன் பூங்காவில் இருந்த, தண்ணீரால் ஓடும் பழைய மாவு ஆலையைச் சீர்படுத்தும் தொண்டர்களோடு சேர்ந்தது ஆலையின் மேல் இருந்த ஆசையினால் அல்ல. லோமாக்ஸை ஊர் முன்னால் தலைகுனிய வைப்பதற்காக. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய கணவர் வில்ஃப், ஹாலோபெக் என்ற அந்தப் பூங்காவின் காவலராக இருந்தவர். ஆலைச் சாவி அவரிடம்தான் இருந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன் நீர்ச்சக்கரத்தைக் கழற்றியபோது, அதன் அச்சைத் தாங்கும் வெண்கல பேரிங் ஒன்று காணாமல் போனது. அப்போது பூங்கா அதிகாரியாக இருந்த லோமாக்ஸ், தேநீர்க் கடையில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "சாவி உன்கிட்ட. பழைய உலோகக் கடையில வேற யாரு போட்டிருப்பா?"

போலீஸ் வரவில்லை. வேலை மட்டும் போயிற்று. வில்ஃப் முதலில் பௌலிங் கிளப்புக்குப் போவதை நிறுத்தினார், பிறகு பப்புக்கு. நாலாம் வருடம், ஐம்பத்தாறு வயதில், நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு ஆறு பேர் வந்தார்கள்.

பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்த எனிட், தன் ஸ்பேனர் பெட்டியோடு முதல் நாளே ஆலைக்கு வந்தாள். மற்றவர்கள் கதவுக்கும் ஜன்னலுக்கும் வண்ணம் அடித்தார்கள். அவள் சக்கரக் குழியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மார்பளவு வண்டல்.

"அந்தக் குழியில என்னதான் இருக்கு? மேல வா, டீ ஆறுது" என்பார் குழுத் தலைவர் டார்டாஃப்.

"சேறுதான். நீங்க குடிங்க."

இரண்டாம் வருட மார்ச்சில் மண்வெட்டி எதிலோ மோதிக் கணீரென்றது. இற்றுப்போன உத்தரத்துக்கு அடியில் அந்த பேரிங் கிடந்தது, வார்ப்பு முத்திரையும் எண்ணும் அழியாமல். லோமாக்ஸின் ஆட்கள் அச்சை இழுக்கும்போது நழுவவிட்டது. இறங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனிட் அழவில்லை. சேற்றில் உட்கார்ந்து நெடுநேரம் திட்டித் தீர்த்தாள். டார்டாஃப் பதறிப்போய் எட்டிப் பார்த்தார்.

"இதப் பத்தி மூச்சு விடாதீங்க" என்றாள். "திறப்பு விழாவுக்கு யாரு?"

"லோமாக்ஸ்."

"அவரையே கூப்பிடுங்க."

மே மாதம் பாண்டு வாத்தியம் முழங்க, இருநூறு பேர் முன்னால், இந்த ஆலை தன் உயிர் என்றார் லோமாக்ஸ். எனிட் மேடையேறி பேரிங்கை அவர் கைகளில் வைத்தாள். பாரம் தாங்காமல் அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இது... எங்க கிடைச்சுது, எனிட்?"

"மிசஸ் சக்டன். உங்க ஆளுங்க போட்ட எடத்துலதான். நீங்க ஒரு தடவ குழிக்குள்ள எட்டிப் பாத்திருந்தா போதும்."

"எவ்வளவோ வருஷமாச்சு..."

"மைக் முன்னாலதான் நிக்கிறீங்க. வில்ஃப் திருடலன்னு சொல்லுங்க."

சொன்னார்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

மறுபடி சொன்னார். பேரிங்கை இறக்கிவைத்துவிட்டுக் கை நீட்டினார். அவள் அதைப் பார்க்காததுபோல் நடந்துபோய் மதகைத் திறந்தாள். புது பேரிங்கில் மாட்டியிருந்த சக்கரம் முனகியது, தயங்கியது, சுற்றியது.

மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. ஆனால் இனித்தது. இப்போது மாதா மாதம் ஆலையில் அரைக்கும் முதல் மாவுப் பையில் 'வில்ஃப் சக்டன்' என்று எழுதி, அதை எடுத்துக்கொண்டு லோமாக்ஸ் வீட்டு மணியை அவளே போய் அடிக்கிறாள்.

"போதும், எனிட். அவரு கிழவராயிட்டாரு" என்றார் டார்டாஃப் சென்ற வாரம்.

"வில்ஃபுக்கு அது வாய்க்கல" என்று சொல்லிவிட்டுப் பையின் வாயைக் கட்டினாள்.